தேடினால் கிடைக்கும் வழி

கிள்ளானில் வீட்டிலிருந்தபடியே முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டை ஆகியவற்றைச் செய்து விற்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தீபாவளிக்கு இன்னும் நான்கு மாதங்கள் உள்ளன. படிவம் ஐந்தில் பயிலும் மகள், அம்மாவின் பலகாரங்களுக்காக ஓர் அகப்பக்கத்தை உருவாக்குகிறாள். படங்கள் அழகாக இருக்கின்றன, விலைப்பட்டியலும் இருக்கிறது. ஆனால், கூகுளில் தேடிப் பார்த்தால் அந்த அகப்பக்கம் எங்கும் தென்படவில்லை. அவ்வேளையில் அம்மாவின் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வருகிறது. ‘முப்பதே நாளில் தேடலில் முதலிடம் உறுதி! கட்டணம் 2,500 ரிங்கிட் மட்டுமே!’

ஒரு பண்டிகைக் காலம் முழுவதும் அடுப்படியில் நின்று ஈட்டும் இலாபத்தில் பெரும்பகுதி அது. அப்பணத்தைக் கட்டிவிடலாமா? அல்லது மகளே அத்திறனைக் கற்றுக்கொள்ளலாமா? கற்பதென்றால் எங்கிருந்து கற்பது? இணையத்தில் ஆயிரமாயிரம் பேர் ஆலோசனை வழங்குகின்றனர். அவர்களுள் யாரை நம்புவது? இது அக்குடும்பத்தின் சிக்கல் மட்டுமன்று. சிறுதொழில் நடத்துவோரும் பள்ளிக் கழகங்களும் சங்கங்களும் எதிர்கொள்ளும் சிக்கலாகும்.

தேடுபொறி இயங்கும் விதம்

நம்பகமான வழியை அடையாளம் காண்பதற்கு, முதலில் தேடுபொறி எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். 1990ஆம் ஆண்டில், கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலன் எம்டேஜ் ‘ஆர்ச்சி’ என்னும் கருவியை உருவாக்கினார். இணையத்தில் இருந்த கோப்புகளின் பெயர்களைத் திரட்டித் தேட உதவிய அக்கருவியே முதல் தேடுபொறியாகப் பரவலாகக் கருதப்படுகிறது. பின்னர், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களாகிய லாரி பேஜ், செர்கே பிரின் இருவரும் 1998ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனத்தைத் தொடங்கினர். ஒரு பக்கத்திற்குப் பிற பக்கங்கள் தரும் இணைப்புகளை ஒருவகை வாக்குகளாகக் கருதி, அப்பக்கத்தின் முக்கியத்துவத்தை மதிப்பிடுவது அவர்கள் கண்ட புதுமையாகும்.

இன்றைய தேடுபொறியின் பணியை மூன்று படிநிலைகளாகப் பிரிக்கலாம். முதலாவது, உலாவுதல். தேடுபொறியின் தானியங்கி மென்பொருள் ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்திற்கு இணைப்புகளின் வழியே சென்று புதிய பக்கங்களைக் கண்டறிகிறது. இரண்டாவது, அட்டவணைப்படுத்துதல். கண்டறிந்த பக்கம் எதைப் பற்றியது என்பதை ஆராய்ந்து, அதனைத் தன் தரவுத்தளத்தில் சேர்க்கிறது. மூன்றாவது, வரிசைப்படுத்துதல். ஒருவர் சொல்லைத் தட்டச்சு செய்ததும், அதற்குப் பொருத்தமான பக்கங்களைத் தேர்ந்து முன்பின்னாக அடுக்கிக் காட்டுகிறது.

இதனை ஒரு நூலகத்தோடு ஒப்பிடலாம். நூலகர் புத்தகத்தைப் பெறுவது முதற்படி. அதன் பொருளை அறிந்து பட்டியலில் பதிவது இரண்டாம்படி. வாசகர் கேட்கும்போது ஏற்ற நூலை எடுத்துத் தருவது மூன்றாம்படி. பட்டியலில் பதியப்படாத நூல் எவ்வளவு சிறந்ததாயினும் வாசகரின் கைக்கு எட்டாது.

ஓர் அகப்பக்கத்தைத் தேடுபொறி எளிதில் கண்டறியவும் சரியாகப் புரிந்துகொள்ளவும், தேடுவோருக்கு அது பயன்படவும் ஏற்றவாறு செம்மைப்படுத்துவதே ‘தேடுபொறி உகப்பாக்கம்’ எனப்படுகிறது. இதற்காகத் தேடுபொறி நிறுவனத்திற்குப் பணம் செலுத்த வேண்டியதில்லை. விளம்பரத்திற்குக் கட்டணம் செலுத்துவோரின் பக்கங்கள் விளம்பரம் என்னும் குறிப்புடன் தனியே காட்டப்படும். அக்கட்டணம் இயல்பான தேடல் வரிசையில் ஒருவரின் இடத்தை உயர்த்துவதில்லை.

கற்போர் தடுமாறுவது ஏன்?

இத்துறையில் தொடக்கநிலைக் கற்போர் தடுமாறுவதற்கு மூன்று காரணங்கள் உள்ளன. முதலாவதாக, தேடுபொறிகள் தங்கள் வரிசைப்படுத்தும் முறையை முழுமையாக வெளியிடுவதில்லை. அந்த இடைவெளியை ஊகங்கள் நிரப்பிவிடுகின்றன.

இரண்டாவதாக, நேற்று சரியாக இருந்த அறிவுரை இன்று பயனற்றதாகிவிடக்கூடும். முன்பு, அகப்பக்க நிரலில் ‘முக்கியச் சொற்கள்’ என்றொரு பகுதியில் சொற்களை அடுக்கிவைப்பது வழக்கமாக இருந்தது. தேடல் வரிசைக்கு அப்பகுதியைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. எனினும், அதனைக் கட்டாயம் செய்ய வேண்டும் என்று இன்றும் சொல்லித் தருவோர் இருக்கின்றனர். அதேபோல், 2011ஆம் ஆண்டில் அறிமுகமான ‘பாண்டா’ என்னும் மாற்றம் தரங்குறைந்த உள்ளடக்கத்தைக் கொண்ட தளங்களைப் பின்னுக்குத் தள்ளியது. 2012ஆம் ஆண்டில் வந்த ‘பெங்குவின்’ செயற்கையாகப் பெறப்பட்ட இணைப்புகளைக் குறிவைத்தது. அதுவரை குறுக்குவழிகளை நம்பியிருந்த பல தளங்கள் வருகையாளர்களை இழந்தன.

மூன்றாவதாக, கற்றுத்தருவோர் பலர் விற்பனையாளர்களாகவும் இருக்கின்றனர். இலவசப் பாடத்தின் இறுதியில் கட்டணப் பாடமோ கருவியோ விற்பனைக்கு வரும். விற்பது குற்றமன்று. ஆயினும், விற்பவரின் சொல்லை வாங்குபவர் ஆராயாமல் ஏற்பது அறிவுடைமை ஆகாது. எப்பொருளையும் அதன் மெய்த்தன்மையை ஆராய்ந்தே ஏற்க வேண்டும் என்னும் வள்ளுவரின் அறிவுரை இணைய உலகிற்கும் பொருந்துகிறது.

நம்பகமான நான்கு வழிகள்

மூல ஆவணங்களைப் படிப்பதே முதல் வழி. கூகுள் நிறுவனம் தொடக்கநிலையினருக்கென ஒரு கையேட்டை இலவசமாக வெளியிட்டுள்ளது. பக்கத்திற்குத் தெளிவான தலைப்பு இடுதல், படத்திற்கு விளக்கச் சொற்கள் எழுதுதல், பக்கங்களைப் பொருளுள்ள இணைப்புகளால் இணைத்தல் முதலிய அடிப்படைகள் அதில் விளக்கப்பட்டுள்ளன. செய்யத் தகாதவற்றைக் கூறும் விதிமுறைகளும் தனியே உள்ளன. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பிங் தேடுபொறியும் தன் வழிகாட்டிகளை வெளியிட்டுள்ளது. ஒரு விளையாட்டின் விதிகளை நடுவரின் ஏட்டிலிருந்து அறிவது, பார்வையாளர் ஒருவரின் சொல்லிலிருந்து அறிவதைவிடச் சிறந்தது. ஆயினும், நடுவர் தம் கணக்கு முழுவதையும் சொல்லிவிடுவதில்லை என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது வழி, ஒழுங்கமைக்கப்பட்ட பாடங்களில் சேர்ந்து பயில்வது. டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் ‘கோர்செரா’ தளத்தின் வழி இதற்கென ஒரு பாடத்தொடரை வழங்கியுள்ளது. ‘ஹப்ஸ்பாட் அகாடமி’ இலவசப் பாடம் ஒன்றைக் கொண்டுள்ளது. ‘மோஸ்’ நிறுவனத்தின் தொடக்கநிலை வழிகாட்டி பலராலும் படிக்கப்படுகிறது. இவற்றுள் ஏதேனும் ஒன்றை முழுமையாக முடிப்பது, பத்துக் காணொலிகளைப் பாதி பாதியாகப் பார்ப்பதைவிடப் பயன் தரும். பாடத்தைத் தொடங்கும் முன்னர், அது எப்போது இற்றைப்படுத்தப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது வழி, சொந்தத் தரவைக் கொண்டு கற்பது. ‘கூகுள் சேர்ச் கன்சோல்’ என்பது தள உரிமையாளர்களுக்கு வழங்கப்படும் இலவசக் கருவியாகும். தளம் தம்முடையது என்பதை உறுதிப்படுத்தியதும், மக்கள் எந்தச் சொற்களைத் தேடியபோது தம் பக்கம் தோன்றியது, எத்தனை முறை தோன்றியது, எத்தனை பேர் அதனைச் சொடுக்கினர் ஆகிய விவரங்களைக் காணலாம். ஒரு பக்கம் அட்டவணையில் சேர்ந்துள்ளதா என்பதையும் சோதிக்கலாம். பிறருடைய வெற்றிக் கதைகளைவிட இவ்வெண்களே கற்போருக்கு உண்மையான ஆசான்.

நான்காவது வழி, சிறிய அளவில் செய்து பார்ப்பது. ஒரு பக்கத்தின் தலைப்பை மட்டும் மாற்றி, மாற்றிய நாளைக் குறித்துவைத்து, சில வாரங்கள் கழித்துத் தரவை ஒப்பிடலாம். ஒரே நாளில் பத்து மாற்றங்களைச் செய்தால் எது பலன் தந்தது என்பது விளங்காது. சில மாற்றங்களின் விளைவு ஒரு சில மணி நேரத்தில் தெரியலாம். வேறு சில மாற்றங்களுக்குப் பல மாதங்கள் ஆகலாம். ஆகவே, பொறுமையும் இக்கல்வியின் ஒரு பகுதியாகும்.

அறிவுரையை எடைபோடுதல்

எந்த அறிவுரையைக் கேட்டாலும் கற்போர் சில வினாக்களை எழுப்பிப் பார்க்கலாம். இதைச் சொல்பவர் யார்? சொந்தமாக ஒரு தளத்தை நடத்திய பட்டறிவு அவருக்கு உண்டா? அவர் சொல்வதற்குச் சான்று இருக்கிறதா? அது எந்த ஆண்டில் எழுதப்பட்டது? தேடுபொறியின் அதிகாரப்பூர்வ ஆவணத்தோடு அது முரண்படுகிறதா? இதை நம்புவதால் யாருக்கு வருமானம் கிடைக்கிறது?

‘ஒரு பக்கத்தில் கட்டாயம் இத்தனை ஆயிரம் சொற்கள் இருக்க வேண்டும்’ என்னும் கூற்றை இவ்வாறு சோதித்துப் பார்க்கலாம். சொல் எண்ணிக்கைக்கென இலக்கு எதுவும் இல்லை என்பதைக் கூகுளின் கையேடு தெளிவாகக் குறிப்பிடுகிறது. ‘முதலிடம் உறுதி’ என்னும் வாக்குறுதியையும் அவ்வாறே சோதிக்கலாம். தன் தேடலில் முதலிடம் கிடைக்கும் என எவராலும் உறுதியளிக்க முடியாது என்று அந்நிறுவனமே எச்சரிக்கிறது. இவ்வொரு செய்தியை அறிந்திருந்தால் போதும், 2,500 ரிங்கிட் கேட்டு வந்த குறுஞ்செய்தியின் தரம் விளங்கிவிடும்.

இதனால், இத்துறையில் பணியாற்றும் எல்லாரையும் ஐயுற வேண்டும் என்பது பொருளன்று. பெரிய தளங்களுக்குத் தேர்ந்த வல்லுநர்களின் உதவி தேவைப்படலாம். நேர்மையான வல்லுநர் தாம் செய்யவிருக்கும் மாற்றங்களை விளக்குவார், காலக்கெடுவை மிகைப்படுத்தமாட்டார், முன்னர்ச் செய்த பணிகளைக் காட்டுவார். அடிப்படைகளைக் கற்றவரே அத்தகைய வல்லுநரை இனங்காண முடியும்.

கற்றதைச் செயற்படுத்துதல்

இனி, கிள்ளான் மாணவியின் நிலையைப் பார்க்கலாம். அவள் பணம் கட்டுவதற்கு முன்னர்க் கையேட்டைப் படிக்கிறாள். சேர்ச் கன்சோலில் தன் தளத்தைப் பதிகிறாள். அப்போது ஓர் உண்மை வெளிப்படுகிறது. தளத்தை அமைத்தபோது, அது முழுமை பெறும்வரை பிறர் பார்க்க வேண்டாம் என்று எண்ணி, தேடுபொறிகள் அட்டவணைப்படுத்துவதைத் தடுக்கும் ஓர் அமைப்பை அவள் தேர்ந்தெடுத்திருந்தாள். பின்னர் அதனை நீக்க மறந்துவிட்டாள். வேர்ட்பிரஸ் முதலிய மென்பொருள்களில் இத்தகைய ஓர் அமைப்பு உண்டு. ஆயிரக்கணக்கில் பணம் கேட்ட சிக்கலுக்குக் காரணம், நீக்கப்படாத ஒரு சிறிய குறிதான்.

அக்குறியை நீக்கியபின், பக்கத்தை அட்டவணையில் சேர்க்குமாறு அவள் கோரிக்கை விடுக்கிறாள். ‘முகப்பு’ என்று மட்டும் இருந்த தலைப்பை, ‘கிள்ளானில் வீட்டுத் தயாரிப்பு முறுக்கு, தீபாவளிப் பலகாரங்கள்’ என மாற்றுகிறாள். வாடிக்கையாளர்கள் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் தேடுவர் என்பதையும், முறுக்கு என்னும் ஒரு சொல்லையே ரோமன் எழுத்தில் பலவாறு எழுதுவர் என்பதையும் உணர்கிறாள். ஆதலால், அம்மொழிகளில் இயல்பான விளக்கங்களை எழுதிச் சேர்க்கிறாள். அதற்காக ஒரே சொல்லை வரிக்கு வரி திணிக்கவில்லை. முன்பதிவுக்கான கடைசி நாள், எந்தெந்த வட்டாரங்களுக்குப் பலகாரம் அனுப்பப்படும், எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் கேட்கும் கேள்விகளுக்கான விடைகளையும் எழுதுகிறாள். மேலும், அம்மாவின் பெயரில் கூகுளின் இலவச வணிகக் குறிப்பைப் பதிகிறாள். வீட்டு முகவரியை வெளிக்காட்டாமல், சேவை வழங்கும் வட்டாரத்தை மட்டும் அதில் குறிப்பிட இயலும்.

இவற்றைச் செய்ததால் முதலிடம் கிடைத்துவிடும் என்று கூற இயலாது. பல ஆண்டுகளாக இயங்கிவரும் பெரிய கடைகளின் தளங்கள் இன்னும் முன்னிற்கலாம். ஆனால், முன்பு எங்கும் தென்படாத அம்மாவின் அகப்பக்கம் இப்போது தேடுவோரின் கண்ணில் படத்தக்க நிலையை அடைந்துள்ளது. அடுத்த தீபாவளிக்கு என்ன செய்யலாம் என்பதைச் சொல்வதற்கு அவளிடம் தரவும் இருக்கிறது. 2,500 ரிங்கிட் அம்மாவின் கையிலேயே இருக்கிறது.

தேடுபொறி உகப்பாக்கம் மந்திர வித்தையன்று. தேடுபவருக்கு எது தேவை என்பதை எண்ணி, அதனைத் தெளிவாக எழுதி, கண்டறிய ஏற்றவாறு வைப்பதே அதன் சாரம். அதனைக் கற்பதற்கு மூல ஆவணமும் சொந்தத் தரவும் பொறுமையும் துணைநிற்கும். யாரிடம் கற்பது என்பதை ஆராய்ந்து தேர்ந்தெடுக்கும் பழக்கம், இத்துறைக்கு மட்டுமன்றி, வாழ்நாள் முழுவதும் எதைக் கற்பதற்கும் கைகொடுக்கும்.