ஆறிவிடுகிற புண்

அந்தப் புண் வலிக்காது, அரிக்காது. பட்டாணி அளவில், தொட்டுப் பார்த்தால் ஓரம் சட்டைப் பொத்தான்போல் கெட்டியாக, பிறப்புறுப்பிலோ உதட்டிலோ வாய்க்குள்ளோ வரும். மூன்று முதல் ஆறு வாரத்தில் மருந்தே இல்லாமல் ஆறியும் போகும். உடல் சூடு என்று நினைத்து, இளநீர் குடித்துவிட்டு மறந்துவிடுகிறவர்கள் உண்டு. சிபிலிஸ் என்ற மேகப்புண் ஆளை ஏமாற்றுவது இங்கேதான்.

புண் ஆறினாலும் கிருமி ரத்தத்தில் இருக்கும். ட்ரெபோனிமா பாலிடம் என்ற, திருகுச் சுருள் வடிவிலான அந்தப் பாக்டீரியாவை 1905-இல் பெர்லினில் ஷாடினும் ஹாஃப்மனும் கண்டுபிடித்தார்கள். சில வாரங்கள் கழித்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பில்லாத தடிப்புகள் தோன்றும், அவையும் மறையும். பிறகு ஆண்டுக்கணக்கில் ஓசையே இராது. சிகிச்சை பெறாத சிலருக்கு 10, 20 ஆண்டுகள் கழித்து மகாதமனி வீங்கும், நடை தடுமாறும், புத்தி பேதலிக்கும். கண்ணையும் மூளையையும் அதற்கு முன்பே தாக்குவதும் உண்டு.

1495-இல் நேப்பிள்ஸைப் பிடித்த பிரெஞ்சுப் படையோடு இந்நோய் ஐரோப்பாவில் பரவியது. இத்தாலியர்கள் இதைப் பிரெஞ்சு நோய் என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள். தமிழிலும் இதற்குப் பறங்கிப்புண் என்று ஒரு பெயர் இருக்கிறது. எல்லா ஊரிலும் பழி அடுத்தவன் தலையில்தான். அந்தப் பழியால் வரும் கூச்சம் இன்றும் நோயாளியைப் புறநோயாளிச் சீட்டு வாங்கவிடாமல் தடுக்கிறது என்பதுதான் வேதனை.

நூற்றாண்டுக் கணக்கில் பாதரசம் பூசினார்கள். பல் கொட்டியது, நோய் போகவில்லை. 1910-இல் எர்லிக்கின் சல்வார்சன் என்ற மருந்து வந்தது. 1943-இல் அமெரிக்காவில் ஜான் மஹோனி பெனிசிலினால் நோயைக் குணப்படுத்திக் காட்டினார். 80 ஆண்டுகளுக்குப் பிறகும் அதுவே முதல் மருந்து.

பல பாக்டீரியாக்கள் அரை மணிக்குள் இரண்டாகப் பெருகும். சிபிலிஸ் கிருமி பெருக 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெருகும் நேரத்தில்தான் பெனிசிலின் அதைக் கொல்லும் என்பதால், மருந்து பல நாள் ரத்தத்தில் காத்திருக்க வேண்டும். அதற்குத்தான் பென்சாத்தின் பெனிசிலின். வெள்ளைப் பொடியில் தண்ணீர் கலந்தால் பால்போல் கெட்டியாகும். தடித்த ஊசியில், 24 லட்சம் யூனிட்டை இரண்டு இடுப்பிலும் பாதிப் பாதியாகப் போடுவார்கள். வலிக்கத்தான் செய்யும். ஆனால் ஆரம்ப நிலை நோய்க்கு அந்த ஒரு தடவை போதும். நாள்பட்டதென்றால் வாரம் ஒன்றாக மூன்று. ஒவ்வாமை இருப்பதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு பால்வினை நோயான வெட்டை இப்படி ஒளிந்துகொள்வதில்லை, ஆண்களிடமாவது. சில நாளிலேயே சிறுநீர்க் கடுப்பும் சீழும் வந்துவிடும். பெண்களிடம் வெட்டையும் கிளமிடியா என்ற பால்வினை நோயும் பெரும்பாலும் அறிகுறியே காட்டாமல் கருக்குழாயை அடைத்து, குழந்தையின்மையில் கொண்டுபோய் விடலாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய இரண்டு மாத்திரைகளோடு நிறுத்துவது வெட்டைக் கிருமிக்குப் பயிற்சி கொடுப்பதாகும். சல்ஃபா, பெனிசிலின், சிப்ரோஃப்ளாக்சசின் என்று ஒவ்வொன்றாக அது எதிர்த்துப் பழகிவிட்டது. ஹெர்பிஸ் வைரஸை அடக்கலாம், அகற்ற முடியாது. கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணமான எச்பிவி வைரஸுக்குத் தடுப்பூசி இருக்கிறது.

அரசு மருத்துவமனைகளின் பால்வினை நோய்ப் பிரிவில் இந்நோய்களுக்கான மருந்துகள் நிறம் பிரித்த பொட்டலங்களாக இலவசமாகக் கிடைக்கின்றன. சீழுக்குச் சாம்பல், வலியில்லாப் புண்ணுக்கு வெள்ளை, ஹெர்பிஸுக்குச் சிவப்பு. கர்ப்பிணிகளுக்கு முதல் வருகையிலேயே விடிஆர்எல் ரத்தப் பரிசோதனை செய்யப்படுகிறது. தாய்க்கு சிபிலிஸ் இருந்து கவனிக்காமல் விட்டால் குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம், அல்லது நோயோடு பிறக்கலாம். பிரசவத்துக்கு ஒரு மாதமாவது முன்னால் போடும் ஊசி பெரும்பாலும் அந்தக் குழந்தையைக் காப்பாற்றிவிடும்.

தாய்க்கு நோய் இருந்தால் கணவரையும் அழைத்து வரச் சொல்வார்கள். அவருக்குப் புண் எதுவும் தெரியாமல் இருக்கலாம். இருந்தாலும் ரத்தம் எடுத்து ஊசி போடுவார்கள். இல்லையென்றால் நோய் மறுபடி மனைவிக்கே திரும்பும். ஆறு மாதம் கழித்து இருவருக்கும் மீண்டும் அதே ரத்தப் பரிசோதனை. 1:32 என்று இருந்த அளவு 1:8-க்கோ அதற்குக் கீழோ இறங்கியிருந்தால் ஊசி வேலை செய்திருக்கிறது.