இயந்திர நடவு: நாற்றங்காலில்தான் வெற்றி

நடவுக்கு ஆள் கிடைக்காமல் நாற்று முற்றிப்போவது காவிரிப் பாசனப் பகுதியில் பல சிறு விவசாயிகளின் கவலையாகும். இதற்கு இயந்திர நடவு நன்கு கைகொடுக்கும். ஆனால் இயந்திரத்தை வரவழைத்துவிட்டால் மட்டும் போதாது. தஞ்சை மாவட்டத்தில் நெல் சாகுபடி முழுவதையும் இயந்திரங்களைக் கொண்டே செய்யும் பண்ணை ஒன்றைக் காணச் சென்ற வேளாண்மைக் கல்லூரி மாணவர் ஒருவர் இதை நேரில் கண்டறிந்தார்.

மாணவரின் தந்தைக்கு ஒன்றரை ஏக்கர் நஞ்சை. முந்திய பருவத்தில் அவர் நடவு இயந்திரத்தை வாடகைக்கு அழைத்தார். நாற்றுப்பாய் தூக்கும்போதே பிய்ந்தது. நட்ட நாற்றும் சேற்றில் நிற்காமல் மிதந்தது. ஆள் வைத்து மறுபடி நட வேண்டியதாயிற்று. வாடகையோடு கூலியும் சேர்ந்து கடன்தான் மிஞ்சியது.

பண்ணையில் டிராக்டரையும் அறுவடை இயந்திரத்தையும் காட்டும் முன், உரிமையாளர் மாணவரை நாற்றங்காலுக்கே அழைத்துச் சென்றார்.

பாய் நாற்றங்கால்

வழக்கமான முறையில் ஓர் ஏக்கர் நடவுக்கு 8 சென்ட் நாற்றங்கால் வேண்டும். பாய் நாற்றங்காலுக்கு 1 சென்ட் போதும். சமமான இடத்தில் பாலித்தீன் தாளை விரித்து, சலித்த மண்ணுடன் மக்கிய தொழு உரம் கலந்து 2 செ.மீ. கனத்திற்குப் பரப்ப வேண்டும். கல் இருந்தால் இயந்திரத்தின் நடவு விரல்கள் பழுதாகும். ஏக்கருக்கு 12 முதல் 15 கிலோ வரை முளைகட்டிய விதையைச் சீராகத் தூவி, மெல்லிதாக மண் மூடி, பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். விதை குறைந்த இடத்தில் வேர் பின்னாது, பாய் பிய்ந்துவிடும். 15 முதல் 18 நாள் நாற்றே இயந்திரத்திற்கு ஏற்றது.

சேற்றின் பதம்

வயல் மேடு பள்ளமின்றி இருக்க வேண்டும். சேற்றுழவு முடிந்ததும் உடனே நடக்கூடாது. மணற்பாங்கான நிலத்தில் 1 நாளும், களிமண் நிலத்தில் 2 நாளும் சேறு படிய விட வேண்டும். விரலால் சேற்றில் கோடு கிழித்தால் உடனே மூடிக்கொள்ளுமானால் பதம் வரவில்லை; மெல்ல மூடினால் நடலாம். அப்போது நீர் 1 முதல் 2 செ.மீ. இருந்தால் போதும். மீந்த நாற்றை வயல் ஓரத்தில் வைத்திருந்து, 7 முதல் 10 நாளுக்குள் பாடுவாசி நிரப்ப வேண்டும்.

சிறு விவசாயிகள் செய்ய வேண்டியது

இயந்திரத்தைச் சொந்தமாக வாங்கத் தேவையில்லை. எந்த இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கும் என்பதை வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டறியலாம். அடுத்தடுத்த வயல்காரர்கள் ஒரே ரகத்தை ஒரே நாளில் விதைத்தால் இயந்திரம் ஒரே முறை வந்து எல்லோருக்கும் நட்டுவிடும்.

முக்கியமாக, இயந்திரம் வரும் நாளை உறுதி செய்துகொண்டு, அதிலிருந்து பின்னோக்கி நாளை எண்ணிய பிறகே விதையை ஊறவைக்க வேண்டும். ஊர் திரும்பிய மாணவர் தந்தையிடம் முதலில் சொன்னதும் இதைத்தான்.