முதுகு பத்திரம், மச்சி!

லீவுக்கு தனுஷ்கோடி நடக்கப் போறீங்களா? முதல்ல பையைத் தூக்கிப் பாருங்க பாஸ்! 1964 டிசம்பர் புயல் அழித்த ஊர் அது. அங்கிருந்து அரிச்சல்முனை வரை நிழலுக்கு ஏங்கணும்.

ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. ஆனாலும் அதில் கஞ்சத்தனம் கூடாது. ஆளுக்கு மூணு லிட்டராவது வேணும். குறைக்க வேண்டியது மற்றதை.

ஜீன்ஸ்? நனைஞ்சா கல்லு கனம், சீக்கிரம் காயாது. டர்க்கி டவலும் அப்படித்தான். ஈரிழைத் துண்டு எடுங்க: துவட்டலாம், கடல் காத்துல சட்டுனு காயும், வெயிலுக்குத் தலைப்பாகையும் ஆகும். குடையைக் காத்து மடக்கிடும். பனையோலைத் தொப்பி போதும். டென்ட் வேண்டாம், இருட்டுமுன் திரும்பிடணும். கால் சலிச்சா, 2017-ல் திறந்த சாலையில் பஸ் ஏறிடுங்க.

காலி பாட்டிலை மட்டும் வீசிடாதீங்க. கடலாமைகள் முட்டையிடும் கரை அது. திரும்பும்போது பை லேசாத்தானே இருக்கும்?