மிளகுக் காரம், காபி வாசனை, வெள்ளைச் சாம்பல்... சுருட்டுக்குள் ஒளிந்திருக்கும் விவசாயம்!

‘பற்ற வைத்ததும் மிளகுக் காரம். பாதி வந்ததும் வறுத்த காபிக்கொட்டை வாசனை. கடைசியில் கொஞ்சம் கசப்பு, கூடவே ஈர மண் வாடை. சாம்பல் ஓர் அங்குலம் வரை உதிராமல் நின்றது. ஒரே குறை, நடுவில் ஒரு பக்கமாக எரிந்து இழுத்தது...’

சுருட்டுப் பிரியர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். நேற்றுப் பிடித்தது எப்படி, போன வாரம் பிடித்தது எப்படி என்று ஒப்பிடுவார்கள். ஒரு சுருட்டை மூன்று பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் தனியாகச் சுவை சொல்வார்கள். தோல், தேன், வைக்கோல், தேவதாரு மரம், கொக்கோ, வறுத்த கடலை என்று அவர்களிடம் ஒரு பெரிய சொல் பட்டியலே உண்டு. மாட்டுத் தொழுவ வாசனை என்று சொல்வதுகூட அங்கே பாராட்டுதான்!

இதற்கென்றே கியூபா நாட்டின் தலைநகர் ஹவானாவில் 1999 முதல் ஒரு திருவிழா நடந்துவருகிறது. பெரும்பாலும் பிப்ரவரியில் நடக்கும் அந்த விழாவுக்குப் பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். வந்தவர்களை ஒருநாள் தீவின் மேற்குக் கோடியில் இருக்கும் பினார் டெல் ரியோ மாகாணத்துத் தோட்டங்களுக்கு அழைத்துப் போகிறார்கள். காரணம் இருக்கிறது. அவர்கள் சொல்லும் சுவையில் பாதிக்கு மேல் அந்தச் செம்மண் வயல்களில் முடிவாகிவிடுகிறது. சுருட்டுகிறவர் கையில் இலை வந்து சேரும்போது, விவசாயி செய்த நல்லதும் கெட்டதும் அதில் பதிந்திருக்கும்.

ஒரே செடி, மூன்று சுவை

பினார் டெல் ரியோவில் வுவெல்டா அபாஹோ என்ற பகுதி. அதில் சான் லூயிஸ், சான் ஹுவான் இ மார்ட்டினெஸ் என்ற இரண்டு ஊர்களைச் சுற்றியுள்ள மணல் கலந்த செம்மண்தான் உலகத்திலேயே சிறந்த சுருட்டுப் புகையிலை விளையும் மண் என்று பெயர் வாங்கியது. இன்றும் பல தோட்டங்களில் காளை மாட்டு ஏர்தான். பொலபொலப்பான மண் டிராக்டர் ஏறினால் இறுகிவிடும் என்பது அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் கணக்கு.

நாற்றங்காலில் சுமார் 45 நாள். மழை ஓய்ந்த பிறகு, அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் நடவு. மொட்டு வைக்கும் சமயத்தில் நுனியைக் கிள்ளிவிடுகிறார்கள். கிள்ளியதும் பக்கச் சிம்புகள் கிளம்பும். அவற்றையும் விடாமல் ஒடிக்க வேண்டும். பூவுக்கும் கிளைக்கும் போகிற சத்தெல்லாம் இலைக்குத் திரும்புவதற்காகச் செய்யும் வேலை இது. புகையிலை போட்டவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால், பறிப்புதான் கவனிக்க வேண்டியது. செடியை மொத்தமாக வெட்டுவதில்லை. அடியிலிருந்து ஒரு நடைக்கு இரண்டு மூன்று இலை. சில நாள் விட்டு அடுத்த நடை. கீழ் இலை மெலிசு, காரம் குறைவு, நன்றாக எரியும். நடு இலையில் வாசனை. வெயிலை முழுசாக வாங்கிய மேல் இலை தடிப்பு, எண்ணெய்ப் பசை, நிகோடின் அதிகம். வொலாடோ, செக்கோ, லிஹேரோ என்று மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

சுருட்டின் உள்ளே இந்த மூன்றையும் ஒரு கணக்கோடு சேர்க்கிறார்கள். மெதுவாக எரியும் மேல் இலையை நடுவில் வைத்து, மற்றவற்றை அதைச் சுற்றி வைப்பார்கள். ‘இது ரொம்பக் காரம்’ என்று ஒருவர் சொன்னால், பெரும்பாலும் மேல் இலையின் பங்கு கூடிவிட்டது என்று அர்த்தம். ‘சப்பென்று இருக்கிறது’ என்றால் குறைந்துவிட்டது.

மேலே சுற்றும் போர்வை இலை தனி ஜாதி. அதற்குத் தோட்டம் முழுக்கப் பந்தல்போல மெல்லிய பருத்தித் துணி கட்டி நிழலில் வளர்க்கிறார்கள். இலை அகலமாக, மெலிசாக, நரம்பு துருத்தாமல் வரும். ஒரு பொத்தல், ஒரு கீறல், ஒரு புழுக்கடி இருந்தாலும் அது போர்வைக்கு ஆகாது, தரம் இறங்கிவிடும். காசு இருப்பது இந்த இலையில்தான். அதனால் உயிரைக் கொடுத்துப் பார்க்க வேண்டியிருப்பதும் இதில்தான்.

சாம்பலைப் பார்த்து உரத்தைச் சொல்லலாம்

சுருட்டுப் பிரியர்கள் சாம்பலைப் பற்றி இவ்வளவு பேசுவது வெளியாட்களுக்கு விநோதமாகத் தெரியும். உண்மையில் விவசாயிக்கு உபயோகமான விமர்சனம் அதுதான். புகையிலை சீராக எரிய இலையில் சாம்பல் சத்து, அதாவது பொட்டாஷ் போதுமான அளவு வேண்டும். குளோரைடு ஏறிய இலை சரியாகப் பிடிக்காது; அடிக்கடி அணையும். எரிக்கும் ரகப் புகையிலைக்கு மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் கூடாது, சல்பேட் ஆஃப் பொட்டாஷ் இடுங்கள் என்று வேளாண் அலுவலர்கள் சொல்வது இதனால்தான். முன்னதில் குளோரைடு இருக்கிறது. விலை குறைவு என்று அதை வாங்கிப் போட்டால், ‘மூன்று தடவை பற்ற வைத்தேன்’ என்று எங்கோ ஒருவர் குறை சொல்வார். தழைச்சத்து அளவு மீறினாலும் சிக்கல். இலை கரும்பச்சையாகச் செழித்துப் பார்க்க அழகாக இருக்கும். பிடித்தால் தொண்டையைக் கரகரவென்று அறுக்கும்.

சாம்பல் பேச்சில் நம் ஊருக்கும் ஓர் இடம் உண்டு. 1887-ல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலை வைத்தே ‘இது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு’ என்று துப்பறிவாளர் கண்டுபிடிப்பார். உறையூர்ச் சுருட்டு அந்தக் காலத்தில் லண்டன்வரை அவ்வளவு பழக்கம். ஆங்கிலத்தில் ‘செரூட்’ என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அது நம் ‘சுருட்டு’தான்.

பாடம் செய்வதில்தான் பொறுமை

பறித்த இலைகளை இரண்டிரண்டாகக் கோத்து, நீளக் கழியில் தொங்கவிட்டு, பெரிய ஓலைக் கொட்டகையில் ஏற்றுகிறார்கள். கொட்டகையின் குறுகிய முகப்புகள் கிழக்கும் மேற்கும் பார்த்திருக்கும். காலையில் ஒரு முகப்பிலும் மாலையில் மறு முகப்பிலும் மட்டும் வெயில் விழுவதற்கான ஏற்பாடு. காற்றில் ஈரம் கூடினால் கதவைச் சாத்துவதும், குறைந்தால் திறப்பதுமாக ஏறக்குறைய 50 நாள் காவல். பச்சை மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பாகும். அவசரப்பட்டால் பச்சை நிறம் அப்படியே நின்றுவிடும். பிறகு என்ன செய்தாலும் போகாது.

அடுத்தது புளிக்க வைப்பது. இலையை லேசாக ஈரப்படுத்தி அடுக்கி மூடினால் எருக்குழிபோல உள்ளே சூடு ஏறும். சூடு அளவைத் தாண்டினால் அடுக்கைப் பிரித்து ஆற்றி, மறுபடி அடுக்க வேண்டும். அப்போது அம்மோனியா வெளியேறுகிறது; கசப்பும் காரலும் தணிகின்றன. ‘மூக்கில் ஏறுகிறது, மருந்து வாடை வருகிறது’ என்று பிரியர்கள் முகம் சுளித்தால், இந்த இடத்தில் யாரோ நாளைக் குறைத்துவிட்டார்கள் என்று பொருள். மேல் இலையைக் குறைந்தது இரண்டு ஆண்டு கிடப்பில் போட்ட பிறகே சுருட்டுக்கு எடுப்பார்கள். கியூபாவின் சுருட்டு ஆலைகளில் ருசி பார்க்கவே ஆட்கள் இருக்கிறார்கள். முதல் நாள் சுருட்டியதில் மாதிரி எடுத்துக் கொஞ்சம் பிடித்துவிட்டு, இழுவை, எரிதல், வாசனை, காரம் என்று மதிப்பெண் போடுகிறார்கள். நடுநடுவே சர்க்கரை போடாத தேநீரில் வாயைக் கொப்பளிக்கிறார்கள்.

வயல்வரை வந்த புகார்

சுருட்டுப் பிரியர்களின் பேச்சு வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது என்பதற்கு ஒரு கதை உண்டு.

1979-80 பருவத்தில் கியூபாவில் நீலப் பூஞ்சண நோய் பரவி, புகையிலை விளைச்சலில் பெரும்பகுதியை அழித்தது. நம் ஊர்த் திராட்சையையும் வெள்ளரியையும் படுத்தும் அடிச்சாம்பல் நோயின் பங்காளி அது. காலம் காலமாகப் பெயர் வாங்கிய ‘கொரோஹோ’ ரகத்துக்கு அதைத் தாங்கும் சக்தி இல்லை. விஞ்ஞானிகள் எதிர்ப்புச் சக்தி உள்ள ரகங்களை உருவாக்கினார்கள். அதில் ‘ஹபானா 2000’ என்ற ரகம் நோயைத் தாங்கியது. ஆனால் இலை தடிப்பு; சரியாக எரியவில்லை. சுருட்டுப் பிரியர்கள் விடவில்லை. ‘ஒரு பக்கமாக எரிகிறது’, ‘இழுக்க முடியவில்லை’ என்று தொடர்ந்து குறை சொன்னார்கள். கடைசியில் அந்த ரகம் பின்னுக்குப் போய், ‘கொரோஹோ 99’, ‘கிரியோயோ 98’ ரகங்கள் வயலுக்கு வந்தன. ஆலைகளும் சுருட்டில் காற்று சீராகப் போகிறதா என்று சோதிக்கக் கருவி வைத்தன. விளைச்சலும் நோய் எதிர்ப்பும் மட்டும் பார்த்து ரகம் கொடுத்து, வாங்குகிறவர் வாய்க்குப் பிடிக்காமல் போன கதைகள் நெல்லிலும் உண்டே!

பெயர் பெற்ற ஒரே ஒருவர்

இத்தனை பேச்சிலும் விவசாயியின் பெயர் வருவது அபூர்வம். வந்த பெயர் அலெஹாந்த்ரோ ரொபைனா. 1919-ல் பிறந்தவர். அவர் குடும்பம் 1845 முதல் புகையிலை போட்டுவந்தது. புரட்சிக்குப் பிறகு நிலங்கள் கூட்டுறவுப் பண்ணைகளாக மாறிய காலத்தில், குடும்ப விவசாயம்தான் புகையிலைக்குச் சரி என்று நின்று, தன் தோட்டத்தைத் தனியாகவே நடத்தினார். ஃபிடல் காஸ்ட்ரோவிடமே அதைச் சொன்னவர் என்பார்கள். மற்ற தோட்டங்களில் போர்வைக்குத் தேறும் இலை மூன்றில் ஒரு பங்கு என்றால், இவர் தோட்டத்தில் 80 சதவிகிதம் தேறியதாகப் பத்திரிகைகள் எழுதின. 1997-ல் ‘வெகாஸ் ரொபைனா’ என்று அவர் பெயரிலேயே ஒரு சுருட்டு வந்தது. அரசர்கள், நாவல் பாத்திரங்கள், முதலாளிகள் பெயரெல்லாம் சுருட்டுக்கு வைத்த நாட்டில், உயிரோடு இருந்த ஒரு விவசாயியின் பெயர்! அந்தப் பெயரில் வந்த எல்லாச் சுருட்டும் அவர் தோட்டத்து இலையில் செய்தது அல்ல என்பது வேறு விஷயம்.

சுருட்டு ரசிகர்கள் கூட்டம் கூட்டமாக அவர் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்கள். 2010-ல், 91 வயதில், புற்றுநோயில் இறந்தார்.

இதைச் சொல்லாமல் விடக் கூடாது. புகையை உள்ளே இழுப்பதில்லையே, சுருட்டு கெடுதல் இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். சுருட்டுப் புகையிலுள்ள நிகோடின் வாய்த் தோல் வழியாகவே உடம்பில் ஏறிவிடும். ஒரு பெரிய சுருட்டில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கலாம். வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அது நேர் வழி. ஹவானா திருவிழாவின் கடைசி நாளில் சுருட்டுப் பெட்டிகளை ஏலம் விட்டு, பல கோடி ரூபாய்க்குச் சமமான அந்தப் பணத்தைக் கியூபாவின் மருத்துவத் துறைக்குக் கொடுக்கிறார்கள். வேடிக்கைதான்.

பிடிக்காதவருக்கும் ஆபத்து உண்டு. பனி ஈரம் உள்ள பச்சைப் புகையிலையைக் கையில் தொட்டுப் பறித்தால் நிகோடின் தோல் வழியே இறங்கி வாந்தி, தலைச்சுற்றல், தலைவலி வரும். திண்டுக்கல், வேடசந்தூர், வேதாரண்யம் பக்கம் இலை பறிக்கும் கூலியாட்கள் ‘வெயில் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று உட்கார்ந்துவிட்டால், அது இதுவாகவும் இருக்கலாம். பனி காய்ந்த பிறகு பறிப்பது, கையுறையும் முழுக்கைச் சட்டையும் போடுவது, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுவது நல்லது. கர்ப்பிணிகளையும் பிள்ளைகளையும் அந்த வேலைக்கு விடவே கூடாது.

புயலுக்குப் பிறகு

2022 செப்டம்பர் 27. ‘இயன்’ புயல் பினார் டெல் ரியோவில் கரையேறியது. பாடம் செய்யும் கொட்டகைகள் ஆயிரக்கணக்கில் தரைமட்டமாயின. முந்தைய அறுவடையில் கிடப்பில் இருந்த இலை நனைந்தது. ரொபைனாவின் பேரன் நடத்திவந்த தோட்டமும் தப்பவில்லை. கஜா புயலில் தென்னையை இழந்த டெல்டாக்காரர்களுக்கு அந்தக் காலைப்பொழுதை விளக்க வேண்டியதில்லை. நடவுக்குச் சில வாரமே இருந்தது. நட்டாலும், தொங்கவிடக் கொட்டகை இல்லை. மரம் இல்லை, ஆணி இல்லை, கூரைக்கு ஓலை இல்லை. கொட்டகை எழும்பிய அளவுக்கே நடவு நடந்தது.

கியூபாவில் புகையிலையை வாங்குவது அரசு. தரம் பார்த்து விலையை நிர்ணயிப்பதும் அரசுதான். ஹவானா சுருட்டின் விலை கடையில் ஏறிக்கொண்டே போகிறது. ஒரு நல்ல சுருட்டு, நம் ஊரில் ஒரு மூட்டை நெல் விலைக்கு மேல் விற்பதும் உண்டு.

கியூபா சுருட்டுப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரு முத்திரை இருக்கும். பிரியர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். எந்த ஆலை என்பதற்கு ஒரு ரகசியக் குறி, பக்கத்தில் மாதம், வருடம். புயல் வருடத்து இலை எந்தப் பெட்டியில் வந்திருக்கும் என்று அதை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். எந்தத் தோட்டத்து இலை என்பது அதில் இருப்பதில்லை.