பழைய ஆட்டமும் புதிய திரையும்

தந்தையும் மைந்தனும் ஒரே பொருளை வாங்கவென்று கடைக்குப் போவார்கள். ஆனால், இருவர் மனத்திலும் இரண்டு பொருள்கள் இருக்கும். கணினித் திரை வாங்கப் போகிறவர்களின் நிலை பெரும்பாலும் இதுவே. மைந்தன் நாடுவது புதிதாக வெளிவந்த ஆட்டங்களைத் தங்குதடையின்றி ஆடத்தக்க திரை. தந்தையோ தாம் பள்ளி மாணவராயிருந்த காலத்து ‘டூம்’, ‘சொனிக்’ முதலியவற்றை இன்னொரு முறை ஆடிப் பார்க்க விழைகின்றார். பணமோ ஒரு திரைக்கு மட்டுமே உண்டு.

என் தமையனார் வீட்டில் அண்மையில் நிகழ்ந்ததும் இதுதான். அண்ணி சீட்டெடுத்துக் கொடுத்த பணத்தில் 24 அங்குலத் திரையொன்று வந்து சேர்ந்தது. அன்றிரவே தமையனார் என்னை அழைத்து, “தம்பி, இதை ஒருக்கால் வந்து பார். அழுக்குக் கண்ணாடிக்குள்ளாற் பார்த்தது போலக் கிடக்கிறது” என்றார். அருகில் நின்ற மகன், “சித்தப்பா, திரையிற் குற்றமில்லை. அப்பாவின் ஆட்டமே அப்படித்தான். அந்தக் காலத்துப் படம் வேறெப்படி இருக்கும்?” என்றான். அண்ணி ஒன்றுமே பேசவில்லை. அதுதான் எங்களுக்குப் பெரிய அச்சமாயிருந்தது.

பையன் சொன்னது பிழை. ஆனால், பலரும் சொல்லும் பிழை.

அமெரிக்காவின் புறூக்ஹேவன் ஆய்வுகூடத்தில் வில்லியம் ஹிகின்பொதம் என்னும் பௌதிகவியலாளர் 1958ஆம் ஆண்டிலே ஓர் அலைகாட்டியின் சிறு வட்டத் திரையில் இருவர் ஆடும் டென்னிஸ் ஆட்டமொன்றை அமைத்துக் காட்டினார். அன்றுதொட்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வீட்டிலும் கடையிலும் ஆடப்பட்ட ஆட்டங்களிற் பெரும்பாலானவை படக்குழாய்க்கென்றே வரையப்பட்டவை. படக்குழாயின் பின்புறத்திலிருந்து இலத்திரன் கற்றை பாய்ந்து, ஒளிரும் பூச்சுடைய கண்ணாடியின் மேல் வரிவரியாகப் படத்தை எழுதிச் செல்லும். அங்கே புள்ளிகளுக்குக் கூரிய விளிம்பு இல்லை. ஒன்றின் ஒளி மற்றொன்றிற் கலக்கும். ஓவியர்கள் இக்கலப்பை நன்கறிந்தே தீட்டினார்கள். 1991இல் சேகா மெகா டிரைவுக்கு வெளிவந்த ‘சொனிக்’ ஆட்டத்தின் நீர்வீழ்ச்சி இதற்கு நல்ல சான்று. அது நிறக்கோடொன்று, வெற்றிடமொன்றாக மாறி மாறி வரையப்பட்ட வெறும் கோட்டு வரிசை. சாதாரணக் கம்பி வழியாகப் பழைய தொலைக்காட்சிப் பெட்டியிற் பார்த்தால் அக்கோடுகள் கலந்து, பின்னுள்ள காட்சி தெரியும் தெளிந்த நீராகிவிடும். இன்றைய திரையிலோ கோடு கோடாகவே நிற்கும்.

இன்றைய திரை கட்டம் போட்ட கொப்பியைப் போன்றது. அதன் புள்ளிகள் எண்ணி வைக்கப்பட்டவை. கூட்டவோ குறைக்கவோ இயலாது. 1920க்கு 1080 என்று பெட்டியில் எழுதியிருப்பதன் பொருள் இதுவே. பழைய விளையாட்டுப் பெட்டிகள் பலவும் 224 அல்லது 240 வரிகளிலேயே படத்தைத் தந்தன. 240ஐ 1080 ஆக்க வேண்டுமானால் நாலரை மடங்கு பெருக்க வேண்டும். அரைப் புள்ளியை எங்கே வைப்பது? ஒரு வரி தடித்தும் மறு வரி மெலிந்தும் போகும். அன்றேல் கணினி எல்லாவற்றையும் பூசி மழுப்பிவிடும். தமையனார் கண்ட அழுக்குக் கண்ணாடி இந்த மழுப்பல்தான். 1440 வரிகளுள்ள திரையில் 240 சரியாக ஆறு மடங்காகும். 2160 வரிகளுள்ள ‘4கே’ திரையில் ஒன்பது மடங்காகும்.

‘டூம்’ ஆட்டத்தின் கணக்கு வேறு. 1993இல் வெளிவந்த அது 320க்கு 200 புள்ளிகளில் அமைந்தது. அதனைக் காட்டிய திரையோ நாலுக்கு மூன்று அளவினது. ஆகவே, ஒவ்வொரு புள்ளியும் அகலத்திலும் உயரம் சற்றுக் கூடியது. சதுரப் புள்ளியுடைய இன்றைய திரையில் அப்படியே காட்டினால் உருவங்கள் குள்ளமாகித் தடித்துவிடும். அகலத்தில் ஐந்து மடங்கும் உயரத்தில் ஆறு மடங்கும் பெருக்கினால் 1600க்கு 1200 என்று இம்மியும் பிசகாமல் அமையும். அப்படம் 1440 வரித் திரைக்குள் அடங்கும். 1080 வரித் திரைக்குள் அடங்காது. திரை முழுவதையும் நிரப்ப வேண்டுமென்று படத்தைப் பக்கவாட்டில் இழுப்பவர்களும் உளர். பூரண சந்திரனைப் பூசணிக்காயாக்கிப் பார்ப்பதில் என்ன இன்பமோ, நானறியேன். இருபுறமும் கறுப்புப் பட்டை இருந்துவிட்டுப் போகட்டுமே!

இனி, செக்கனுக்கு எத்தனை முறை திரை படத்தைப் புதுப்பிக்கின்றது என்பது. 60 முறையாயின் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 16.7 மில்லிசெக்கன், 144 முறையாயின் 6.9 மில்லிசெக்கன். விரைவான புதிய ஆட்டங்களில் இவ்வேறுபாட்டைக் கண்ணும் கையும் உடனே உணரும். பழைய ஆட்டங்களுக்கு வேகத்திலும் பொருத்தமே முக்கியம். ‘டூம்’ ஓடிய திரை செக்கனுக்கு 70 முறை புதுப்பித்தது. ஆட்டமோ 35 படங்களைத் தந்தது. ஆகவே ஒரு படத்துக்கு இரு முறை. இதனை 60 முறைத் திரையில் ஓட்டினால் நடை தடுமாறும். நம் நாட்டுத் தொலைக்காட்சிக்குரிய ‘பால்’ முறையோ 50 முறை. ஜப்பானில் 60 முறைக்கென ஆக்கப்பட்ட ஆட்டங்கள் பல, ‘பால்’ பெட்டிகளில் ஆறில் ஒரு பங்கு வேகம் குன்றியே ஓடின. அந்த மெதுவான இசையையே உண்மை இசையென்று எண்ணி வளர்ந்தவர்கள் நம்மிற் பலர்! ஆட்டத்தின் வேகத்தைப் பின்பற்றித் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் திரைகள் இப்பொழுது உண்டு. ‘ஜி-சிங்க்’, ‘ஃபிரீசிங்க்’ என்னும் பெயர்கள் அதனையே குறிப்பன. தந்தைக்கும் மைந்தனுக்கும் ஒருங்கே பயன்படும் வசதி இது.

திரையின் உட்பொருள் பற்றி வியாபாரிகள் நீளமாகப் பேசுவார்கள். சுருங்கக் கூறின், ‘ஐ.பி.எஸ்.’ வகையை எப்பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. ஆயின் அதன் கறுப்பு சற்றுச் சாம்பல். ‘வி.ஏ.’ வகையின் கறுப்பு ஆழமானது. இருண்ட காட்சி விரைந்து நகரும்போது நிழல்போல ஓர் இழுவை தெரிவதுண்டு. ‘ஓ.எல்.ஈ.டி.’ இவ்விரண்டையும் வெல்லும். அதிற் கறுப்பு என்றாற் கறுப்பேதான். ஆனால், விலை அதிகம். நாட்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் உருவம் வடுவாகப் பதியவும் கூடும். ‘டூம்’ ஆட்டத்தின் அடிப்பட்டை ஒருபோதும் அசையாது என்பதை நினைவிற் கொள்க.

‘4கே’ திரை பழைய ஆட்டத்துக்கு வீண் என்று சிலர் கூறுவர். நான் அவ்வாறு எண்ணவில்லை. பழைய வரியொன்றுக்கு ஒன்பது வரி இடமிருப்பதால், படக்குழாயின் சாயலைக் காட்டும் வடிப்பான் மென்பொருள்கள் அதிலேதான் மிக அழகாக அமையும். இடர் புதிய ஆட்டத்திலேதான் உண்டு. ‘4கே’ திரையின் புள்ளிகள் 1080 வரித் திரையினவற்றின் நான்கு மடங்கு. கணினியின் கிராபிக்ஸ் அட்டை அத்தனையையும் நிரப்ப வேண்டும். நடுத்தர அட்டையுடைய வீட்டுக்கு 27 அங்குலமும் 1440 வரியும் 144 முறையும் கொண்ட ‘ஐ.பி.எஸ்.’ திரையையே நான் சொல்வேன். வாத்துச் சுடும் துப்பாக்கி ஆட்டம் வேண்டுவோருக்கு எதுவும் உதவாது. அத்துப்பாக்கி படக்குழாயின் ஒளித்துடிப்பையே பார்த்துக் கணிப்பது. பழைய பெட்டி வீட்டில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். உள்ளே மின்னழுத்தம் தங்கியிருக்குமாதலால் திறக்கவும் வேண்டாம்.

தமையனார் வீட்டுத் திரையோ 1080 வரியினது, வாங்கியாயிற்று. அதனை மாற்றாமலே ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. படத்தைச் சரியாக நான்கு மடங்காக்கினோம். 240 வரி 960 ஆயிற்று, மேலும் கீழும் கொஞ்சம் கறுப்பு விழுந்தது, மழுப்பல் மறைந்தது. ‘டூம்’ மட்டும் முழுக்கச் சரிவரவில்லை. பிறகு பழைய கம்பியின் கலப்பைக் காட்டும் வடிப்பான் ஒன்றைப் போட்டு ‘சொனிக்’ ஆட்டத்தைத் தொடங்கினோம். நீர்வீழ்ச்சி வந்தது. பையன் முன்னே சாய்ந்து உற்றுப் பார்த்தான்.

“சித்தப்பா, இது தண்ணீரா? நான் இவ்வளவு நாளும் கம்பி வேலி என்றல்லவா நினைத்திருந்தேன்!”