நோயறிந்து நல்கும் பரிசு

நோயுற்றவரைக் காணச் செல்லும்போது வெறுங்கையோடு போகலாகாது என்பது நம் சமூகத்தில் ஆழ வேரூன்றிய மரியாதை. ஆப்பிளும் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் அந்த மரியாதையின் சின்னங்களாக நெடுங்காலமாய் விளங்கி வருகின்றன. சாதாரணக் காய்ச்சலில் படுத்திருப்பவருக்கு இவை போதும். ஆனால் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவரின் சரீர நிலை வாரத்துக்கு வாரம், சில வேளைகளில் நாளுக்கு நாள், மாறிக்கொண்டே இருப்பதனால், நேற்று இதமளித்த பொருள் இன்று உபத்திரவமாகவும், இன்று விலக்க வேண்டிய பண்டம் பத்து நாள் கழித்து விருப்பமானதாகவும் ஆகிவிடக்கூடும். ஆகையால், பிரியமானவருக்குப் பரிசு வாங்கக் கடைவீதிக்குப் புறப்படுமுன், அவருக்கு ஏற்றப்படும் மருந்து என்ன காரியம் செய்கிறது என்பதைச் சிறிதேனும் அறிந்துகொள்வது நம் கடமை என்பதே என் அபிப்பிராயம்.

ஜனங்கள் 'கீமோ' என்று சுருக்கமாக வழங்கும் ரசாயன சிகிச்சை, யுத்தத்தின் நிழலில் பிறந்தது. விஷவாயு ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த லூயிஸ் குட்மன், ஆல்ஃபிரட் கில்மன் என்ற இரு விஞ்ஞானிகள், மஸ்டர்ட் வாயுவின் இனத்தைச் சேர்ந்த ஒரு ரசாயனம் நிணநீர்க் கட்டிகளைக் கரைப்பதை 1942இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கண்டார்கள். 1947இன் இறுதியில் பாஸ்டன் நகரத்தில் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோயால் மடிந்துகொண்டிருந்த குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்னும் மருந்தைக் கொடுத்து, தற்காலிகமாகவேனும் அந்நோய் பின்வாங்கும் என்பதை உலகுக்குக் காட்டினார். அந்த மருந்தை ஆக்கியளித்த லெடர்லே ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவரோ, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று கடல் கடந்து சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். நம் வீட்டு வாசல்களில் எளிதாகப் பூத்துக் குலுங்கும் நித்தியகல்யாணியிலிருந்து கிடைத்த வின்கிறிஸ்டின், இன்றளவும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் பிரதான ஸ்தானம் வகிக்கிறது.

இம்மருந்துகளில் பெரும்பாலானவை, விரைவாகப் பிரிந்து பெருகும் உயிரணுக்களையே தாக்கும் இயல்புடையவை. புற்றணுக்கள் அப்படிப் பெருகுகின்றன. ஆனால் அவ்வாறே விருத்தியாகும் நல்ல அணுக்களும் தேகத்தில் உண்டு. மயிர்க்கால்கள், வாயிலிருந்து குடல்வரை உட்பூச்சாகப் படர்ந்திருக்கும் சவ்வு, நாவின் ருசி மொட்டுகள், ரத்தத்தை உற்பத்தி செய்யும் எலும்பு மஜ்ஜை ஆகிய இவையனைத்தும் புற்றணுக்களோடு சேர்ந்து அடிவாங்குகின்றன. தலைமயிர் உதிர்வதும், வாய் புண்ணாவதும், உணவு கசப்பதும், சோகை பிடிப்பதும் இந்த ஒரே காரணத்தினின்று கிளைத்தவையே. பரிசைத் தேர்ந்தெடுக்கும் விவேகமும் இந்த ஒரே உண்மையைப் பற்றிக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

முதலில் உணவைக் கவனிப்போம். ஏனெனில் நம் அன்பு பெரும்பாலும் அடுக்களை வழியாகவே வெளிப்படுகிறது. மருந்து ஏற்றும் தினத்தன்று, நோயாளிக்கு உயிரான பண்டத்தை ஆசையோடு சமைத்து எடுத்துச் செல்லும் தாய்மார்கள் பலர். அந்தத் தினத்தில் அதைத் தவிர்ப்பதே நலம் என்று விஞ்ஞானம் கூறுகிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் ஐலீன் பெர்ன்ஸ்டைன் என்ற உளவியல் அறிஞர், மருந்து பெறவிருந்த குழந்தைகளுக்கு அவர்கள் முன்பு அறியாத ருசியுள்ள ஓர் ஐஸ்கிரீமைக் கொடுத்துப் பரிசோதித்து, அக்குழந்தைகள் பிற்பாடு அந்த ஐஸ்கிரீமையே வெறுத்தார்கள் என்று 1978இல் வெளியிட்டார். குமட்டலுக்குச் சற்று முன் உண்டது எதுவோ, அதுவே குமட்டலுக்குக் காரணம் என்று மூளையின் ஆதி இயல்பு முடிவு கட்டிவிடுகிறது. குற்றம் மருந்தினுடையது என்று அறிவு எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் நாக்கு அதை ஏற்பதில்லை. அம்மா கைப்பட்ட வத்தக்குழம்பின்மீது அப்படியொரு வெறுப்பு விழுந்துவிட்டால், சிகிச்சை முடிந்த பின்பும் அது நெடுநாள் நீடிக்கலாம். பின்னர் நடந்த ஓர் ஆராய்ச்சியில், சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் இடையே வேற்று ருசியுள்ள மிட்டாய் ஒன்றைக் குழந்தைகளுக்குக் கொடுத்தபோது, வெறுப்பின் பெரும்பங்கை அந்த மிட்டாய் தன்மேல் ஏற்றுக்கொண்டு, வழக்கமான உணவைக் காத்தது. வீட்டில் ஒருநாளும் வாங்கியிராத ஒரு மிட்டாய்ப் பொட்டலம், அந்த நாளுக்கு எவ்வளவு பொருத்தமான பரிசு! பிடித்த பண்டத்தையோ, குமட்டல் ஓய்ந்து நாக்கு மீண்டு வரும் நாட்களுக்கென்று ஒதுக்கி வைப்போம்.

வாய்ப்புண் வந்துள்ள நாட்களில் காரமும் புளிப்பும் நெருப்பாகச் சுடும். குழைந்த சோறும் ஆறின கஞ்சியும் மிருதுவான இட்லியுமே அப்போது அமிர்தம். உணவில் உலோக வாடை வீசுவதாகச் சொல்பவர்களுக்கு எவர்சில்வர் கரண்டிக்குப் பதிலாக மரக்கரண்டியும் பீங்கான் கிண்ணமும் கொடுத்துப் பார்க்கலாம். மிகவும் மென்மையான பல்துலக்கியும் அற்பமான பரிசன்று. குளிர்ச்சியைப் பொறுத்தவரையில் மருந்தின் பெயரைக் கேட்காமல் எதையும் செய்யலாகாது. மெல்ஃபலான் பெறுபவர்களுக்கு, மருந்து ஏறும் வேளையில் பனிக்கட்டியைச் சுவைக்கச் சொல்லி வாய்ப்புண்ணைத் தடுக்கிறார்கள். குடல் புற்றுநோய்க்குத் தரப்படும் ஆக்ஸாலிபிளாட்டின் பெறுபவர்களுக்கோ, ஒரு வாய்க் குளிர்ந்த நீர் தொண்டையை இறுக்குவதுபோலச் செய்யும், குளிர்ந்த டம்ளரைத் தொட்டாலே விரல்கள் கூசும். முன்னவருக்கு இதமான பனிக்கட்டி பின்னவருக்கு வேதனை. அவருக்குச் சூடு தாங்கும் பிளாஸ்க்கும் கையுறையுமே உகந்தவை.

எலும்பு மஜ்ஜையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஆரோக்கியமுள்ளவரின் ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்குச் சுமார் 4,000 முதல் 11,000 வரை வெள்ளணுக்கள் உண்டு. மருந்து ஏறிய பின் அவை குறைந்துகொண்டே போய், பொதுவாக 7 முதல் 14 நாட்களுக்குள் மிகத் தாழ்ந்த நிலையை அடைந்து, பிறகு மெல்ல ஏறுகின்றன. கிருமிகளோடு போராடும் காவற்படை ஏறக்குறைய இல்லாத இந்த இடைவேளையில், 100.4 டிகிரி காய்ச்சல்கூட உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டிய அபாயமாகும். எனவே இந்நாட்களில் பூங்கொத்து வேண்டாம். பூச்சாடியில் தேங்கிய நீரில் கிருமிகளும், தொட்டிச் செடியின் மண்ணில் பூஞ்சணங்களும் வளர்வதனால், கடுமையாக வெள்ளணு குறைந்தவர்களின் அறைக்குள் பல மருத்துவமனைகள் இவற்றை அனுமதிப்பதில்லை. தெருவில் நறுக்கி விற்கும் பழங்களும், காய்ச்சாத நீரில் கலந்த பானகமும், பக்தியோடு கொண்டுவந்த தீர்த்தமும்கூட அணு எண்ணிக்கை தேறும்வரை காத்திருக்கட்டும். ஜலதோஷம் பிடித்திருப்பவர், வீட்டில் குழந்தைக்கு அம்மை கண்டிருப்பவர் ஆகியோர் நேரில் போகாமல் தொலைபேசியில் பேசுவதே அவர்கள் தரக்கூடிய தலைசிறந்த பரிசு. அதே சமயம், புற்றுநோய் தொட்டால் ஒட்டுவதன்று என்பதை ஐயமற உணர வேண்டும். உடல்நலமுள்ளவர் கைகளை நன்றாகச் சோப்பிட்டுக் கழுவிக்கொண்டு பக்கத்தில் அமர்வதில் தடையேதுமில்லை. பயந்து தூர நின்று பேசும் சுற்றத்தாரின் பார்வை, நோயைக் காட்டிலும் கொடிதாகப் புண்படுத்துகிறது.

பம்பளிமாஸ் பழத்தையும், அதன் நெருங்கிய உறவான கிரேப்ஃபுரூட்டையும், மூலிகை லேகியங்களையும் மருத்துவரைக் கேளாமல் கொடுக்கலாகாது. மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் என்சைம் ஒன்றை இப்பழங்களிலுள்ள பொருள்கள் முடக்குவதனால், சில மருந்துகள் உடலில் அளவுக்கு மீறித் தங்கிவிடும். இயற்கையானது என்பதனாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது.

முதல் மருந்துக்குப் பின் இரண்டு மூன்று வாரங்களில் தலைமயிர் உதிரத் தொடங்கும். மொட்டைத் தலைக்குப் பல பொருள்களைக் கற்பித்துவிட்ட நம் சமூகத்தில், பெண்களுக்கு இது தாளமுடியாத துயரம். மிருதுவான பருத்தித் தொப்பியும், தலையில் கட்டிக்கொள்ளும் மெல்லிய துணியும் குளிரையும் வெயிலையும் தடுத்து, நாணத்தையும் காக்கும். சிகிச்சை முடிந்தபின் பெரும்பாலோர்க்கு மயிர் மீண்டும் முளைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். 'கரண்டு வைப்பது' என்று நம்மவர் வழங்கும் கதிர்ச் சிகிச்சையில் தோல் கன்றிப் போவதனால், இறுக்கமற்ற, முன்புறம் பொத்தானுள்ள பருத்தி உடைகளை நாடுவோம். வாசனைத் தைலங்களும் பவுடர்களும் அத்தோலில் படலாகாது. குமட்டல் உள்ளவருக்கு ஊதுவத்தியும் அத்தரும் வேதனையே அளிக்கும். களைப்பினால் மனத்தை நெடுநேரம் ஒருமுகப்படுத்த இயலாதவருக்குத் தடித்த நாவலைவிடச் சிறுகதைத் தொகுதியோ, பழைய பாட்டுகளோ உகந்தவை.

இவற்றுக்கெல்லாம் மேலான ஒரு தானம் கடைகளில் கிடைப்பதில்லை. ரத்தப்போக்கைத் தடுக்கும் தட்டணுக்களும் மருந்தினால் குறைகின்றன. தானமாகப் பெற்ற தட்டணுக்களைச் சாதாரணமாக ஐந்து நாட்களுக்கு மேல் சேமித்து வைக்க இயலாதாகையால், ரத்த வங்கி ஒவ்வொரு வாரமும் புதிய கரங்களை எதிர்பார்த்தே இயங்குகிறது. நோயாளியின் நண்பர்கள் ஒரே நாளில் கூட்டமாகப் போய்க் கொடுப்பதைவிட, வங்கியைக் கேட்டு முறை வைத்துக்கொண்டு வாரம் ஒருவராகக் கொடுப்பது பன்மடங்கு பயனுள்ளது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெருமுயற்சியால் 1954இல் அடையாறில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை போன்ற நிலையங்களுக்கு, தூரத்து மாவட்டங்களிலிருந்து வரும் குடும்பங்கள் வாரக்கணக்கில் தங்க நேரிடுகிறது. கதிர்ச் சிகிச்சைக்கு வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஐந்தாறு வாரங்கள் போவது சகஜம். அவர்களுக்கு ஆட்டோக் கட்டணமும், மூன்று அடுக்கு டிபன் கேரியரில் சுடச்சுட உணவும், துணையிருப்பவர் ஓர் இரவேனும் அயர்ந்து உறங்கும்படி நாம் ஏற்கும் காவலும், எந்தப் பட்டுப் பெட்டியிலும் அடங்காத வெகுமதிகள்.

இனி, பரிசோடு புறப்படுவோர் முன்கூட்டியே கேட்க வேண்டியவை நான்கே: என்ன மருந்து, மருந்து ஏறி எத்தனையாவது நாள், வெள்ளணுக்கள் எவ்வளவு, இன்றைக்கு அவருக்கு எதன்மேல் மனம் செல்கிறது. மூன்று வாரத்துக்கு ஒரு முறையாக ஆறு முறை மருந்து என்றால் நான்கு மாதங்களுக்கு மேல் ஆகும். முதல் வாரத்தில் வாசலை அடைத்த செருப்புகள் மூன்றாம் மாதத்தில் அருகிவிடுவதும், அந்த மூன்றாம் மாதத்திலேயே களைப்பும் தனிமையும் மிகுந்து நிற்பதும் பலருடைய அநுபவம். ஆகவே முதல் நாளே எல்லாவற்றையும் கொண்டுபோய்க் குவித்துவிடாமல், மற்றவர்கள் வருகை ஓயும் அந்தப் பிற்பகுதிக்கென்று நம் வருகையையும் பரிசையும் நிறுத்தி வைத்து, நாட்காட்டியில் இன்றே குறித்துக்கொள்வோமாக.