"கணக்குப் படிச்சி என்ன புள்ள செய்யிற?"

ஏறாவூரில் நாங்கள் மாதந்தோறும் நடத்தும் பெண்கள் கூட்டத்துக்குத் தமிழ், முஸ்லிம் சகோதரிகள் இருபது பேரளவில் வருவார்கள். கணவனை இழந்தவர்கள், காணாமற்போனவரை இன்றும் தேடுபவர்கள், இடியப்பம் அவித்தும் தையல் தைத்தும் குடும்பத்தைக் கொண்டு செல்பவர்கள். வழக்கமாகக் கடன், காணி உறுதி, மரணச் சான்றிதழ் என்றுதான் பேச்சுப் போகும். சென்ற கூட்டத்தில் பேச்சு கணக்கைப் பற்றியதாக இருந்தது.

காரணம் ஒரு மாணவி. சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்தவள். உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்து, வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போய், ஒருநாள் அங்கேயே கணிதம் கற்பிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. தாய்க்குச் சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. ரியூசன் காசும், இருட்டிய பிறகு பஸ்ஸில் வருவதும்தான் அவருடைய யோசனை. அம்மம்மாதான் முற்றாக மறுத்தார்.

"கணக்குப் படிச்சி என்ன புள்ள செய்யிற? பொம்புளப் புள்ளைக்கு ரீச்சர் வேல போதும். அதுவும் அந்தக் கம்பஸுக்கா போகணும்?"

அந்தக் கடைசிக் கேள்விக்குப் பின்னால் இருப்பதை அங்கிருந்த எல்லோரும் அறிவார்கள். 1990 இல் அந்தப் பல்கலைக்கழக வளாகம் அகதி முகாமாக இருந்தது. செப்டெம்பர் 5 ஆம் திகதி அங்கிருந்து 158 பேரை இராணுவத்தினர் கொண்டுபோனார்கள். அவர்கள் திரும்பவில்லை. அம்மம்மாவின் கணவரும் அவர்களில் ஒருவர். அதற்குச் சில கிழமைகளுக்கு முன்னர், ஓகஸ்ட் 12 ஆம் திகதி, ஏறாவூரில் நூற்றுக்கும் அதிகமான முஸ்லிம் மக்கள் கொல்லப்பட்டார்கள். அன்று உறவுகளைப் பறிகொடுத்த ராத்தா ஒருவரும் அம்மம்மாவுக்குப் பக்கத்தில்தான் இருந்தார்.

நான் படித்தது சமூகவியல். பாடசாலையில் கணிதம் எனக்கு நன்றாகவே வந்தது. ஆனால் "பெண்பிள்ளைகளுக்குக் கணிதப் பிரிவு சரிவராது" என்று ஆசிரியர் ஒருவர் சொன்னதைக் கேட்டு விட்டுவிட்டேன். அந்தக் குறை இன்னும் உண்டு. அதனால் அன்று நான் ஒரு கணிதப் பேராசிரியையின் வாழ்க்கையைச் சொல்லத் தொடங்கினேன்.

அவர் ராமன் பரிமளா. 1948 இல் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். சென்னையில் சாரதா வித்தியாலயாவிலும் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியிலும் படித்தார். பின்னர் மும்பாயில் உள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்து, 1976 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். திருமணத்தின்போது கணவர் தான்சானியாவில் நல்ல பதவியில் இருந்தார். மனைவியின் கணிதம் நின்றுவிடக்கூடாது என்று அந்தப் பதவியை விட்டுவிட்டு அவரே அவருடன் வந்தார். இதைச் சொன்னதும் கூட்டத்தில் ஒரு சிரிப்பு. "அப்பிடியும் ஆம்புள இரிக்கா மிஸ்?" என்று ஒருவர் கேட்டார்.

"சரி, அவ என்னதான் செய்யிறா?" என்றார் அம்மம்மா.

அடுப்படியில் இருந்து புளியங்கொட்டை எடுத்துவரச் செய்தேன். சதுரமாக அடுக்குவதுதான் விளையாட்டு. ஒரு கொட்டை ஒரு சதுரம். இரண்டுக்கு இரண்டாக அடுக்கினால் நான்கு. மூன்றுக்கு மூன்றென்றால் ஒன்பது. ஏழு கொட்டைகளை எப்படிச் சதுரங்களாகப் பிரிப்பது? நான்கில் ஒன்று, மிகுதி மூன்றும் தனித்தனியாக. மொத்தம் நான்கு சதுரங்கள். பதின்மூன்றுக்கு ஒன்பதும் நான்குமாக இரண்டே போதும்.

அம்மம்மா ஒரு பிடி அள்ளிப் போட்டார். எண்ணினோம், 31. பேத்தி ஐந்துக்கு ஐந்தாக ஒரு பெரிய சதுரம் அடுக்கினாள். பிறகு நான்கில் ஒன்று, மிகுதி இரண்டும் தனித்தனி. மீண்டும் நான்கு சதுரங்கள்தான்.

"எவ்வளவு எடுத்தாலும் நாலுக்கு மேல வேணாமா?" என்று அவர் கேட்டார்.

இந்தக் கேள்விதான் ஆராய்ச்சி. ஆயிரம் தடவை அடுக்கிப் பார்த்துச் சரிவந்தாலும் கணிதத்தில் அது போதாது. எப்போதும் சரிவரும் என்பதற்குக் காரணம் காட்டி நிறுவ வேண்டும். நான்கு சதுரங்கள் எப்போதும் போதும் என்பதை லாக்ராஞ்சு என்பவர் 1770 இல் நிறுவினார். இப்படி வர்க்கங்களைக் கூட்டி வரும் கோவைகளை இருபடி வடிவங்கள் என்பார்கள். பரிமளா வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்துவருவது இவற்றையும் இவற்றோடு சேர்ந்த அட்சரகணிதத்தையும்தான்.

1976 இல் அவர் செய்த வேலை, இருபடி வடிவங்களைப் பற்றி எழுந்த ஒரு கேள்விக்கு "இல்லை, எப்போதும் சரிவராது" என்று காட்டியது. சரிவராத ஓர் உதாரணத்தை அவரே கட்டிக் காட்டினார். 2010 இல் அவரும் அவருடைய மாணவர் சுரேஷும் சேர்ந்து, ஒரு குறிப்பிட்ட எண் தொகுதியில் இருபடி வடிவமொன்றில் எட்டுக்கு மேற்பட்ட தெரியாக் கணியங்கள் இருந்தால், அவை எல்லாவற்றையும் பூச்சியமாக்காமலே விடையைப் பூச்சியமாக்க வழி உண்டு என்று நிறுவி வெளியிட்டார்கள். அப்போது அவருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. அதே ஆண்டு ஐதராபாத்தில் நடந்த உலகக் கணித மாநாட்டில் பேரவை முழுவதற்கும் உரையாற்றினார்.

டாட்டா நிறுவனத்தில் நீண்டகாலம் இருந்த பரிமளா, பின்னர் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் பேராசிரியையானார். பேராசிரியையின் வேலை விரிவுரையோடு முடிவதில்லை. ஆய்வு மாணவரோடு கரும்பலகைக்கு முன் மணிக்கணக்காக நிற்க வேண்டும். மாதக்கணக்கில் நினைத்தது ஒருநாள் பிழைத்துப்போகும். அழித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். பரிமளாவிடம் ஆய்வு செய்த சுஜாதா ராமதுரை, 2006 இல் ராமானுஜன் பரிசைப் பெற்ற முதல் இந்தியர். ஒரு பெண் ஏறிய ஏணியை இன்னொரு பெண்ணுக்கும் பிடித்திருக்கிறார்.

"எங்கட ஆக்கள்ல ஆரும் இரிக்காங்களா?" என்று ராத்தா கேட்டார். மர்யம் மிர்சாக்கானியைச் சொன்னேன். 1977 இல் ஈரானில் பிறந்தவர். சிறுவயதில் அங்கே ஈராக்குடனான யுத்தம். 2014 இல் கணிதத்தின் மிக உயர்ந்த விருதான ஃபீல்ட்ஸ் பதக்கத்தைப் பெற்ற முதல் பெண் அவர்தான். பெரிய தாள்களை நிலத்தில் விரித்து வரைந்து வரைந்து யோசிப்பாராம். அவருடைய சின்ன மகள் அம்மா படம் வரைகிறார் என்று நினைப்பாளாம். புற்றுநோயால் 2017 இல், நாற்பது வயதில் காலமானார்.

ராத்தா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நமக்குக் கணக்குத் தெரிஞ்சிருந்தா கிழமைக் கடன்ல இவ்வளவு ஏமாந்திரிப்பமா?" என்றார். பலர் தலையாட்டினார்கள்.

தாயிடம் சில விடயங்களைச் சொன்னேன். நமது நாட்டில் அரச பல்கலைக்கழகப் படிப்புக்குக் கட்டணம் இல்லை. வசதி குறைந்த மாணவர்களுக்கு மகாபொல புலமைப்பரிசில் உண்டு. கணிதம் படித்தவருக்கு ஆசிரியத் தொழில் மட்டுமன்றி வங்கி, கணினி, புள்ளிவிபரம் என்று பல வழிகள் உள்ளன. பஸ் பிரச்சினைக்கு, அதே ஊரில் இருந்து போகும் மற்றப் பிள்ளைகளின் தாய்மாருடன் பேசி ஒழுங்கு செய்யலாம். இதை அங்கிருந்த இரண்டு பேர் பொறுப்பெடுத்தார்கள்.

அடுத்த கிழமை வீட்டுக்குப் போனேன். உயர்தர விண்ணப்பத்தில் தாய் கையொப்பம் வைத்திருந்தார், கணிதப் பிரிவுக்கு. அம்மம்மா வாசலில் இருந்தார். பல்கலைக்கழகத்தைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: "போகட்டும் புள்ள. முதல் நாள் நானும் கூடப் போவன். அவரக் கொண்டுபோன இடத்தில கொஞ்ச நேரம் நிண்டுபோட்டு, இவள உள்ள அனுப்பிறன்."

சகோதரிகளே, அந்த இழப்புக்கு எந்தப் படிப்பும் ஈடாகாது. நீதி கேட்பதையும் நாம் விடப்போவதில்லை. ஆனால் "பெண்பிள்ளைக்கு இது எதற்கு" என்ற சொல்லை நம் வாயால் நாமே சொல்லாமல் இருக்க முடியும். உங்கள் மகள் கணக்குப் புத்தகத்தோடு நிலத்தில் இருந்தால், பக்கத்தில் இருந்து "இது எப்பவும் சரிவருமா?" என்று கேட்டுப் பாருங்கள். விடை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. அவள் தேடிச் சொல்வாள்.